ஒரு கைத் தவிடும் திருச்செந்தூர் நடையும்

முப்பிடாதியம்மாளைப் போலப் பயந்தவள் தாராவியிலேயே கிடையாது. தோல் கிடங்குக்குப் பின்னால் இருந்த அவள் சந்தில் நாய் குரைத்தால்கூடக் கதவுக்குக் கட்டை கொடுப்பாள். அப்படிப்பட்டவள் பம்பாயிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தாள் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பின்னாலிருந்து தள்ளியது என்றுதானே அர்த்தம்?

சீனாக்காரனோடு சண்டை வந்ததே, அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவள் மகள் செண்பகவல்லிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனது. போகும்போது பிள்ளையின் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டு போனது. ஈரத்துணி மாதிரித் தொங்கின கால்கள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அப்போது அவள் ஊர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தாள். நிலைக்காது என்று பயந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்களே, அதுதான். அடுத்த குடிசைச் சைனப் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் பிள்ளைக்குப் பெயர் தவிட்டம்மா. அவளுக்கு அம்மா சைனப். பெற்றவள் வெறும் முப்பிடாதியக்கா. தவிட்டுக்குப் போன பிள்ளையை நோய்கூடச் சீந்தாது அல்லவா?

அதோடு நிற்காமல் முருகனுக்கும் நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து நின்றால் நடந்தே வருவேன். மடிப்பிச்சை எடுத்துத்தான் தின்பேன். உன் வாசலில் தவிட்டைக் கொட்டி மீட்கும்வரை அவளை என் மகள் என்று வாயால் சொல்லமாட்டேன்.

பிள்ளை எழுந்து நின்றது. ஓடவும் ஓடியது.

“ஏட்டி, ரயிலு எதுக்கு விட்டிருக்கான்? முருகனுக்கு ரயிலு தெரியாதாக்கும்?” என்றான் புருஷன் சொரிமுத்து. கிடங்கு வேலையை விட்டுவிட்டு அவனால் துணைக்கு வர முடியாது.

“நடக்கேன்னு சொல்லிட்டு ரயில்ல போய் எறங்குனா, குடுத்த காலை அவன் திருப்பிக் கேப்பான். நீங்களா குடுப்பீய?”

சைனப் வாசலில் நின்று சிரித்தாள். “பல்லி விழுந்தாலே கூப்பாடு போடுவா, இவ நடக்கப் போறாளாம். ஏளா, எம் மவளப் பத்திரமாக் கொண்டாந்து சேத்துரு, ஆமா!” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மஞ்சள் சேலையும் ஒரு பித்தளைச் செம்புமாக, தவிட்டம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். விக்ரோலி, முலுண்ட், தாணா, பன்வேல். கண்டாலா மலையேற்றத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போனபோது பாறையோடு பாறையாக ஒட்டி நின்றாள். யாராவது காசு போட்டால் உண்டியலுக்கென்று முடிந்துகொள்வாள்; அதில் ஒரு டீகூடக் குடிக்கமாட்டாள். ஏறிக்கொள்ளச் சொன்ன மாட்டுவண்டிக்காரனிடம் தலையாட்டிவிட்டு, அந்த வண்டி கண்ணில் படும் தூரத்திலேயே நடப்பாள். தனியாக விட்டால் பயம்.

சாத்தாரா தாண்டி ஒரு கரும்புக்காட்டு ஊர். வெல்லம் காய்ச்சும் கொட்டகை வாசலில் மடியேந்தி நின்றாள். அங்கிருந்த கிழவி தவிட்டம்மாவை மடியில் இருத்தி, வெல்லக்கட்டி கொடுத்து, உன் ஆயி எங்கே என்று கேட்டாள். அம்மாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாராவித் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு. ஆயி தாராவியில் இருக்கிறாள், பெயர் சைனப், இது முப்பிடாதியக்கா என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டது.

கிழவியின் முகம் மாறியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, திருடி என்று கத்தினாள். “சோர்! சோர்!”

கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை பிடிக்கிறவள் என்று ஒருத்தன் அவள் செம்பைத் தட்டிவிட்டான். ஊர்ப் பட்டேல் வந்து இந்தியில் கேட்டார்: “யே கிஸ்கி பச்சீ ஹை?”

யாருடைய பிள்ளை. ‘மேரி’, என்னுடையவள், என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் கால் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடும். பட்டேல் போலீசுக்கு ஆள் அனுப்பத் திரும்பினார். பிள்ளை வீறிட்டது.

எருமைத் தொட்டியருகே வாய் திறந்த சாக்கில் தவிடு இருந்தது. முப்பிடாதி பாய்ந்து ஒரு கை அள்ளினாள். கிழவியின் உள்ளங்கையில் அதை வைத்து அழுத்தினாள். பிள்ளையைத் தொட்டாள், தன் வயிற்றைத் தொட்டாள், பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள்.

கிழவி தவிட்டைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு பட்டேலிடம் என்னவோ சொன்னாள். அவர்கள் பக்கமும் அந்த வழக்கம் உண்டு போலிருக்கிறது. அரிவாள்கள் தாழ்ந்தன. கிழவி மடி நிறைய வெல்லம் போட்டு அனுப்பினாள்.

ஊர் எல்லை தாண்டியதும்தான் அவளுக்குச் சுரீரென்றது. தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினேனே! அப்படியானால் முருகன் வாசலுக்கு முன்னாலேயே மீட்டுவிட்டேனா?

“அக்கா, காலு நோவுது. தூக்கு.”

கொடுத்த காலை முருகன் திருப்பிக் கேட்கிறானோ! புளியமரத்தடியில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு காலையும் நீவிக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சண்டை போட்டாள். “வாங்குனது ஒரு மொறம். நாங் குடுத்தது ஒரு கை. கணக்கு இன்னும் தீரல, பாத்துக்க! இப்பமே காலைத் தொட்டேன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் தவிட்டம்மா எழுந்து ஒரு ஓணானைத் துரத்தினாள். முப்பிடாதியின் பயம்தான் எழுந்து போகவில்லை. பெல்காம், பெங்களூர், சேலம், மதுரை என்று வழியெல்லாம் விடிந்ததும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைக் கிள்ளிப் பார்ப்பாள். பிள்ளை உதைத்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

திருச்செந்தூர்க் கோயில் வாசலில் ஒரு முறம் தவிட்டைக் கொட்டினாள். தவிட்டம்மா அலைக்குள் ஓடிவிட்டு ஓடிவிட்டு வந்தாள்.

“இனிமே அம்மான்னு கூப்பிடச் சொல்லும்மா,” என்றார் தவிடு கொட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்ற பூக்காரர்.

“வேண்டாய்யா,” என்றாள் முப்பிடாதி. “வழியில ஒரு கைத் தவிடு கூடுதலாப் போயிருச்சு. அவன் அதை எந்தக் கணக்குல எழுதியிருக்கானோ, யாரு கண்டா?”

செண்பகவல்லி கல்யாணத்தில் அம்மா இடத்தில் சைனப்தான் நின்றாள். வாழ்க்கைப்பட்ட முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து இறங்கினால் இன்றைக்கும் செண்பகவல்லி ‘முப்பிடாதியக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். சந்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கூப்பிட்ட குரலுக்கு வாசலுக்கு வருகிற முப்பிடாதியம்மாள் முதலில் குனிந்து அவள் காலைப் பார்ப்பாள். அப்புறம்தான் முகத்தை.