கஸ்தூரியின் கையோரம் படுத்த பூனை

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோது கஸ்தூரிக்கு நாற்பத்தைந்து வயது. அதுவரை அம்பத்தூர் எஸ்டேட்டுக் கம்பெனி ஒன்றில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அவள் பேச்சு. வாரத்துக்கு மூன்று முறை வேலப்பன்சாவடியில் டயாலிசிஸ் என்று ஆனபின் வேலை நின்றது. பேச்சும் குறைந்துபோய், திருவேற்காட்டு வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் தோலுக்கடியில் ஓயாத ஓர் அதிர்வு.

"கைக்குள்ள மிஷின் ஓடற மாதிரி கீது. தூங்கவே உட மாட்டேங்குது" என்றாள் கணவன் கோவிந்தராஜிடம். பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவன் அவன்.

"ஓடினாத்தான் நல்லதுன்னு டாக்டரு சொன்னாரே" என்றான்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாயில் சாய்ந்திருந்தாள். காது கிழிந்த தெருப்பூனை ஒன்று சமையலறை வழியாக உள்ளே வந்தது. அவள் கையை மோந்து பார்த்து, அதிர்வு இருந்த இடத்திலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு தொண்டைக்குள் மெல்ல உறுமத் தொடங்கியது. அந்த உறுமலில் கையின் அதிர்வு கரைந்துபோயிற்று. எது தன்னுடையது, எது பூனையுடையது என்று பிரித்தறிய முடியவில்லை. அன்று சாயங்காலம்வரை தூங்கினாள்.

அதற்கு வாலு என்று பெயர் வைத்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளெல்லாம் அது வந்து பக்கத்தில் படுத்தது. "எங்கடா போய் அடிவாங்கினு வர்ற?" என்று அதைத் திட்ட ஆரம்பித்தாள். காட்டுப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுதா, போனில் அம்மாவின் சிரிப்பைக் கேட்டு, வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள்.

டயாலிசிஸ் கையில் பூனை நகத்தின் கீறல் விழுந்திருந்ததை ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்தாள். "பூனையக் கிட்ட விடாதீங்கண்ணா. இந்தக் கையில ஆழமா கீறிட்டா ரத்தம் நிக்காது. சீழ் வெச்சாலும் உயிருக்கு ஆபத்து" என்றாள், கூட வந்த கோவிந்தராஜிடம்.

அவன் பயந்துபோனான். மறுமுறை அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, வாலுவைக் கோணிப்பையில் பிடித்துக் கொண்டுபோய் பூந்தமல்லி மீன் மார்க்கெட்டில் விட்டான். அவள் வீடு திரும்பியதும் தானே அவளிடம் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. அடுத்த டயாலிசிஸ் அன்று பாயை விட்டு எழவில்லை.

"போகலன்னா மூச்சு முட்டும், கஸ்தூரி."

"முட்டட்டும்."

சுதா வந்து அழுதும் அசையவில்லை. முகம் வீங்கி மூச்சுத் திணறியபிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கையில் கோவிந்தராஜ் மார்க்கெட்டுக்கு ஓடினான். மீன் விற்கும் சபீனாவிடம் அடையாளம் சொல்லிக் கேட்டான்.

"காது கிழிஞ்சதா? இங்கதான் சுத்தினு இருந்துச்சு. லோடு வண்டி அதும்மேல ஏறி செத்துடுச்சு, அண்ணாத்தே. நான்தான் எடுத்துப் போட்டேன்."

திரும்பி வந்து நர்ஸிடம் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான். "கையைத் துணியால மூடி வெச்சிருந்தா போதுமேண்ணா. துரத்தச் சொல்லலையே நான்" என்றாள் அவள்.

கஸ்தூரியிடம் மறைக்க அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள், அவன் தன் உள்ளங்கையை அவள் கைமேல் வைத்தான்.

"உன் கை உறுமாது" என்றாள். தள்ளிவிடவும் இல்லை.

சுதா ஒரு குட்டியைக் கொண்டுவந்தாள். கஸ்தூரி அதைத் தொடவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் மறுப்பில்லாமல் டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியிலேயே இறந்தாள். கடைசி நாட்களில் மகளிடம் அவள் பேசியதெல்லாம் வாலுவைப் பற்றித்தான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கோவிந்தராஜ் கேட்டுக்கொண்டிருந்தான்.