முகமில்லாத சச்சிதானந்தன்

எமில்டா பகலெல்லாம் முகம் பிடிப்பவள். மிசிசாகாவில் ஒரு மருந்துக்கடை மூலையில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பது அவளுடைய வேலை. சிரிக்கக்கூடாது, சரியக்கூடாது, பல் தெரியக்கூடாது. பதினெட்டு வருசம் இப்படி எடுத்ததில் அவள் கண்டறிந்த பேருண்மை: கனடா அரசாங்கத்திடம் தமிழர் எல்லாரும் கொடுத்து வைத்திருப்பது ஒரே முகம்.

ஆகவே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி வீட்டுக்குத் திரும்பியதும் அவள் முகத்தைத் தொடுவதில்லை. நிலத்தில் பிளாஸ்டிக் விரித்து, கூட்டுகிற தும்புத்தடியில் கட்டிய பிரஷால் ஆட்களை வீசி வரைவாள். இதற்கு அரூப வெளிப்பாட்டியம் என்று பெயர். உருவத்தை விட்டுவிட்டுக் கை போன வேகத்தைப் படமாக்குவது. எமில்டா அதற்குள் ஆட்களை இழுத்து வந்தாள். ஆட்கள்தான் வர மறுத்தார்கள். பதினொரு பேர் "முகம் எங்கை?" என்று கேட்டுத் திருப்பித் தந்த படங்கள் அவளுடைய கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தன. ஒன்றாவது ஒரு சுவரில் தொங்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது ஆள் சச்சிதானந்தன், பழைய மாணவர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். சங்க மண்டபத்துச் சுவருக்காக மூன்று ஞாயிறு கோட்டுப் போட்டுவந்து அவள் முன்னால் இருந்தார். சங்க விழாவன்று, ஆட்கள் வரமுன், படத்தைக் கண்டார். சாம்பல் சுழிகள். நடுவில் முன்னுக்குச் சரிந்த ஒரு நீண்ட மஞ்சள் வீச்சு.

"பிள்ளை, முகம் எங்கை?"

"தேவையில்லை அண்ணை. பாக்கிறவைக்கு விளங்கும்."

"ஒரு மீசையாவது வை."

"மூண்டு பேர் கேளாமலே உங்களெண்டு சொன்னால் தொங்கவிடுங்கோ. இல்லாட்டில் கொண்டுபோறன்."

கட்டிலுக்குக் கீழே இனி இடமில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் செயலாளர் ஸ்ரீதரன், கையில் கட்லெற்றோடு. "அட, தலைவர்! மேடையிலை ஆருக்குப் பொன்னாடை போத்தினாலும் முதல் நீளுற கழுத்தெல்லோ உது!"

அடுத்தது ஸ்ரீதரனின் மகள் அட்சயா. "ஓ மை கோட், சச்சி அங்கிள்! வெயிட்டிங் ஃபோர் த பொன்னாடை!"

மூன்றாவது, தலைவரின் மனைவி ரதி. நெடுநேரம் பார்த்தாள். "எங்கடை கலியாணத்திலையும் உப்பிடித்தான். நான் மாலையைத் தூக்க முதலே தலையை நீட்டிக்கொண்டு நிண்டவர்."

சச்சிதானந்தன் எமில்டாவை மூலைக்குக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, ஒரு முகம் வைச்சுவிடு."

"உங்கடையோ?"

"ஆருடைய முகமெண்டாலும் பரவாயில்லை. இல்லாட்டில் கழுத்தையாவது நிமித்து."

அவள் வாய் திறக்கமுன் மைக் முந்திக்கொண்டது. ஓவியருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப் போகிறார்களாம். ஸ்ரீதரன் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். பழக்கமில்லாத எமில்டா நிமிர்ந்தபடி நின்றாள். பக்கத்தில் ஒரு கழுத்து, தன்பாட்டில், நீண்டது.

மண்டபம் கழுத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தது. அதற்குப் பிறகு சங்கத்துக்கு ஆணியும் சுத்தியலும் தேடுவதைத் தவிர வேறு அலுவல் இருக்கவில்லை.