மணல் காட்டிய அளவு

இது நடந்தது. கட்டுக்கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பேயென்றால் நடுச்சாமம், நாய் ஊளை, புளியமரம் என்று தேடுகிறவர்களும் போகலாம். இதெல்லாம் வெயில் எறிக்கிற நேரத்தில், ஆட்கள் நடமாடுகிற தார் ரோட்டில் நடந்தது. எனக்குச் சொன்னவன் ஸப்ரான். சொல்லி முடிக்கும்வரை முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டே இருந்தான். பின்னுக்கு இடம் விட்டு அவன் இப்போது எங்கேயும் இருப்பதில்லை.

ஸப்ரான் பாலாவிப் பையன். வயது இருபத்தொன்பது. கண்டக்குழியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் லொட்ஜ் ஒன்றில் அவனுக்கு வேலை. அதே லொட்ஜில் சமையல்காரன் முபாரிஸ். இருவரும் ஒரே தெரு, சின்ன வயதுக் கூட்டாளிகள், தினமும் ஸப்ரானின் பைக்கில்தான் போய் வருவார்கள். ஸப்ரான் ஈர்க்குப் போல ஒல்லி. முபாரிஸ் எண்பத்தைந்து கிலோ. அவனுக்குப் பிறவியிலேயே வலது கால் கட்டை, மற்றதைவிட நீளம் குறைவு. எங்கே இருந்தாலும் இடப்பக்கம் சரிந்துதான் இருப்பான். அவனுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது.

"மச்சான், ஒருக்கா முன்னுக்கு இரிக்க வுடுடா. ஓட்டிப் பாக்கோணும்."

"ஒன்ட காலுக்கு பிரேக் எட்டாதுடா" என்று ஸப்ரான் சிரிப்பான். ஒருநாளும் விட்டதில்லை.

போன வருடம் மாசி மாதம், ஒரு புதன்கிழமை, பின்னேரம் 4.50. பாலாவிக்கு இந்தப் பக்கம் உப்பளத்து வளைவு. ஸப்ரான்தான் ஓட்டினான். ஒரு கையில் போன். கலியாணம் பேசிவைத்திருந்த நிஸ்ரின் ஏதோ அனுப்பியிருந்தாள், அதைப் பார்த்தான். குர்ஆன் மத்ரஸா விட்டு வந்த ஒன்பது வயதுப் பிள்ளை றிப்னா ரோட்டைக் கடந்தாள். பிள்ளை அந்த இடத்திலேயே மௌத்து. பின்னாலிருந்து தூக்கியெறியப்பட்ட முபாரிஸும் மௌத்து. ஸப்ரானுக்கு நாரியில், இடுப்புக்குப் பின்னால், ஒரு அடி. அவ்வளவுதான்.

பொலிஸ் வந்து ஒரே கேள்விதான் கேட்டது. யார் ஓட்டியது?

ஒரு மாதத்தில் கலியாணம். மறியல்வீட்டுக் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் பாயால் மூடிக் கிடந்தவன் இனி வாய் திறக்கப் போவதில்லை.

"முபாரிஸ்தான் ஓட்டின. கெஞ்சிக் கேட்டான், குடுத்தன். அவன்ட காலுக்கு பிரேக் எட்டல்ல" என்றான் ஸப்ரான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முபாரிஸின் பெண்சாதி ஹஃபீலா, "அவர் ஒருநாளும் முன்னுக்கு ஏறினதே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். யார் கேட்டார்கள்?

அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்கு இரண்டு ஜனாஸாவும் ஒரே பள்ளிவாசலில். தொழுவிப்பதற்கு முன்னால் மையத்தின், அதாவது இறந்தவரின், சொந்தக்காரர் எழுந்து, இவர் யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் மாப்புச் செய்யுங்கள் என்று சனத்திடம் கேட்பது வழக்கம். செய்தோம், செய்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். மனிசனுக்கு மனிசன் செய்த அநியாயத்தை அந்த மனிசன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்வும் அதை அவனிடமே விட்டிருக்கிறான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முபாரிஸின் தம்பி எழுந்து கேட்டான். முதல் வரிசையில் இருந்து றிப்னாவின் வாப்பா, உப்பளத்தில் வேலை செய்யும் அபூசாலி, எழும்பினார்.

"நான் மாப்புச் செய்ய மாட்டன். மறுமையில என்ட புள்ளைக்கு அவன் பதில் சொல்லட்டும்."

நாரி நோவில் நிலத்தில் இருக்க முடியாமல் பின்னுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஸப்ரான் இருந்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முபாரிஸை மாப்பு இல்லாமலே அடக்கினார்கள்.

மாதங்கள் போயின. கலியாணம் தள்ளிப் போனது. பொலிஸில் இருந்து பைக் வந்தது, திருத்தி மறுபடி ஓட்டத் தொடங்கினான். வெட்கம் கெட்டவன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாரி விடவில்லை. பைக்கில் ஏறிப் பத்து நிமிடத்தில் யாரோ பின்னால் இருந்து முழங்காலால் முட்டுவது போல ஒரு நோவு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. உடம்பளவுக்கு ஒரு சீற் அடித்தால் சரிவரும், சிலாபத்தில் அன்ரனிப்பிள்ளையிடம் போ என்றார்கள்.

அன்ரனிப்பிள்ளை குஷன் வேலைக்காரர். அளவு எடுப்பதில் அவருக்கு ஒரு தனிப் பழக்கம். பழைய சீற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஈரக் கடல்மணல் நிரப்பிய நீளமான சீலைப் பையை வைப்பார். அதில் ஆள் பத்து நிமிடம் ஓட்டுகிற மாதிரியே இருக்க வேண்டும். இறங்கியதும் பள்ளம் விழுந்த இடமெல்லாம் ஈர்க்குக் குச்சியால் குத்தி ஆழம் பார்ப்பார். அதன்படிதான் ஸ்பொஞ் வெட்டுவார்.

ஐப்பசி மாதம், சனிக்கிழமை, காலை 11.20. ஸப்ரான் இருந்தான். இறங்கினான். அன்ரனிப்பிள்ளை ஈர்க்கை எடுத்தார்.

"தம்பி எத்தின கிலோ?"

"அம்பத்தெட்டு."

"மணல் எம்பத்தஞ்சு சொல்லுது" என்று சிரித்தார். பிறகு இன்னொரு இடத்தில் குத்தினார். சிரிப்பு நின்றது. "வலது கால் கட்டையா உங்களுக்கு? பாரம் முழுக்க இடப்பக்கம் நிக்குது."

ஸப்ரான் மணலைத் தட்டி மட்டமாக்கி மறுபடி இருந்தான். மறுபடியும் அதே பள்ளம். இடப்பக்கம் சரிந்த, அகலமான பள்ளம்.

"மணல் பழுது போல. என்ட அளவுக்கே செய்ங்க" என்றான்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் அன்ரனிப்பிள்ளை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சீற் தயார். கறுப்பு ரெக்சின், சிவப்புத் தையல், நல்ல வேலை. ஆனால் ஏறி இருந்தால் சட்டை மாறிப் போட்டது போல இருந்தது. இடப்பக்கம் இழுத்தது. பிரேக் பிடித்தால் ஆள் முன்னுக்குத்தானே சரிய வேண்டும்? அவன் பின்னுக்குச் சரிந்தான். ஒவ்வொரு தடவையும்.

திங்கட்கிழமை லொட்ஜில் வேலை செய்யும் ஸஜீத்தை ஓட்டச் சொல்லிவிட்டு ஸப்ரான் பின்னுக்கு ஏறினான். ஏறியதும் நோவு போய்விட்டது. பின்சீற் அவனுக்கென்றே செய்தது போல இரண்டு தொடையையும் ஏந்திக்கொண்டது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாரி நோகவில்லை. சந்தோசப்பட வேண்டியவன் பயந்து போனான். மத்தியானம் 1.10க்கு அன்ரனிப்பிள்ளைக்குப் போன் எடுத்தான்.

"பின்சீற்ற ஏன் என்ட அளவுக்கு வெட்டினீங்க?"

"ஆக்கள்ர வாயைக் கேட்டு நான் வெட்டிறேல்ல தம்பி. மணல் ரெண்டு பேரைக் காட்டிச்சு. முன்னுக்குப் பாரமான ஆள். பின்னுக்கு நீங்க." கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஆனா நீங்க முன்னுக்குத்தான் இருந்தீங்க. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

சீற்றைக் கழற்றி எறிந்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறியல், சொன்னால் நிஸ்ரின் இல்லை. விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், ஆனாலும் வாய் திறக்காது.

புதன்கிழமை. பின்னேரம் 4.12க்குக் கண்டக்குழியில் இருந்து தனியாகப் புறப்பட்டான்.

4.26. நுரைச்சோலை. நல்ல வெயில். கடைகள் திறந்திருந்தன. பொரித்த எண்ணெய் மணந்தது. கடையில் இருந்து வருகிறது என்று நினைத்தான். கடைகள் முடிந்தன. மணம் முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது முபாரிஸின் சட்டை அப்படித்தான் மணக்கும்.

4.35. ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது பைக். ஸப்ரான் ஒரு சாண் பின்னுக்குப் போனான். முன்னுக்கு நகரப் பார்த்தான். முடியவில்லை. முன்னுக்கு இடம் இல்லை.

சீற் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் இடம் இல்லை.

4.39. இன்னும் பின்னுக்கு. கை எட்டவில்லை. விரல் நுனியில் ஹேண்டில்...

விட்டுவிட்டது.

பைக் விழவில்லை. ஆடவும் இல்லை. நேராகப் போனது.

ஸப்ரான் குனிந்து பார்த்தான். முன்சீற் இடப்பக்கமாக அமுங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, ரெக்சின் கிரீச்... கிரீச்... என்று இன்னும் அமுங்கியது.

4.44. வேகம் ஏறியது.

அறுபது. எழுபது. எண்பது.

கையை நீட்டினான். காற்றில் ஏதோ தட்டுப்பட்டது. ஈரமான சட்டை. அகலமான முதுகு.

குளிர்ந்திருந்தது.

4.48. தூரத்தில் உப்பளத்து வளைவு. வெள்ளைத் தொப்பிகள், வெள்ளைப் பர்தாக்கள்... மத்ரஸா விட்டுவிட்டது. பிள்ளைகள் ரோட்டோரம் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சிவப்புச் சீலைத் துண்டைப் பிடித்தபடி ஒரு ஆள். அபூசாலி. றிப்னா போன நாளில் இருந்து அவர் அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கே நின்று பிள்ளைகளைக் கடத்திவிடுவார். ஸப்ரான் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற இடம் அது.

பிள்ளைகள் ரோட்டில் இறங்கினார்கள்.

"பிரேக்... பிரேக் புடிடா!"

அப்போதுதான் கேட்டது. காதுக்குப் பக்கத்தில். சிரிக்கிற மாதிரி.

"பிரேக் எட்டல்லடா மச்சான்."

தொண்ணூறு.

"அல்லாஹ்வே..."

"நீதானே சொன்ன."

பிள்ளைகளின் முகம் தெரிந்தது.

"நான்தான்டா ஓட்டின! நான்தான்! போனப் பாத்தது நான்தான்! முபாரிஸ் பின்னுக்குத்தான் இருந்தான்! நான்தான் கொன்னது!"

பைக் நின்றது.

சறுக்கவில்லை. டயர் கத்தவில்லை. நின்றது. அபூசாலியின் காலுக்கும் பைக்கின் முன்சில்லுக்கும் இடையில் ஒரு முழம். அவருடைய மணிக்கூட்டில் 4.50.

ஸப்ரான் பின்சீற்றில் இருந்தபடி அழுதுகொண்டிருந்தான். அவன் கத்தியது பிள்ளைகளுக்கும் கேட்டது, உப்பளத்து ஆட்களுக்கும் கேட்டது. அபூசாலி சிவப்புச் சீலையை மெதுவாக மடித்தார்.

"ஆரு ஓட்டின எண்டு சொன்ன?"

"நான்தான், அபூசாலி நானா. முபாரிஸ் இல்ல. நான்தான்."

அவர் அடிக்கவில்லை. பிள்ளைகளைக் கடத்திவிட்டார். பிறகு நேரே முபாரிஸை அடக்கிய மையவாடிக்கு நடந்தார். சனமும் பின்னால் போனது. முபாரிஸின் கப்றுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார். "மகன், நான் மாப்புச் செஞ்சிட்டன். ஒனக்கும் எனக்கும் ஒண்டுமில்ல. நீயும் என்ன மாப்புச் செய்." அங்கே நின்றவர்களில் கண்ணீர் விடாதவர் ஒருவருமில்லை.

திரும்பி வந்தார். ஸப்ரான் அவர் காலில் விழுந்தான்.

"அவனுக்குச் செஞ்சிட்டன்" என்றார் அபூசாலி. "ஒனக்கு இல்ல. ஒனக்கு ஒருநாளும் இல்ல."

ஸப்ரான் அன்றே பொலிஸுக்குப் போய்ச் சொன்னான். வழக்கு இன்னும் நடக்கிறது. லைசன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது, ஆள் பிணையில் இருக்கிறான். நிஸ்ரின் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ஆனால் நாரி நோவு போய்விட்டது. எண்ணெய் மணமும் வரவில்லை. முபாரிஸ் போய்விட்டான் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. தெரிந்ததை ஒருதரம் மணலிலும் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. தை மாதம் பைக்கைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றிச் சிலாபத்துக்குக் கொண்டுபோனான். வேறு சீற் போட்டு அங்கேயே விற்றுவிடலாம் என்பது எண்ணம்.

காலை 10.05. அன்ரனிப்பிள்ளை புது மணல் அள்ளி, புதுச் சீலையில் கட்டி வைத்தார். ஸப்ரான் ஏறினான். பத்து நிமிடம். இறங்கினான்.

ஈர்க்கு முன்பக்கம் இறங்கியது. "அம்பத்தெட்டு. பாரம் நடுவில. இது உங்கட அளவுதான் தம்பி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஸப்ரான். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தான்.

அன்ரனிப்பிள்ளை சிரிக்கவில்லை. ஈர்க்கு பின்பக்கம் போயிருந்தது.

"தம்பி... வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கா?"

"இல்ல. கலியாணமே நிண்டு போச்சு. ஏன்?"

அவர் விலகி நின்று காட்டினார். பின்னால், மட்டமாக இருக்க வேண்டிய மணலில், ஒரு பள்ளம். ஆழமில்லை. ஒரு விரல் ஆழம்கூட இல்லை. ஓர் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் அவ்வளவுதான் பதியும்.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு ஸப்ரான் ஓடிப்போய்ப் புத்தளம் பஸ்ஸில் ஏறினான். பஸ் நிறையச் சனம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் பக்கத்துச் சீற்றில் மட்டும் சிலாபத்தில் இருந்து பாலாவிவரை ஒருவரும் இருக்கவில்லை. அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டான். இறங்கும்போது, "பாத்து இறக்குங்க" என்று கண்டக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த டிக்கெட் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன், அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

முழு டிக்கெட் ஒன்று. அரை டிக்கெட் ஒன்று.