அவருக்குத்தான் காய்ச்சல்

கல்முனையில் நான் ஒரு பாமசி நடத்துகிறேன். காய்ச்சலோடு வருபவர்களைத் திரைக்குப் பின்னால் இருத்தி, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு, இன்ஃபுளுவென்சாவா என்று பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இருந்தால் உடனே டொக்டரிடம் அனுப்புவேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்கென்று மருந்து கேட்பது குறைவு. அன்று வந்த மீனவர் வீட்டுப் பெண்ணும் கணவருக்குத்தான் கேட்டாள். ஏழு மாதக் கர்ப்பிணி. முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள்.

“உங்களுக்கும் காய்ச்சலா தங்கச்சி?”

“எனக்கு ஒண்டுமில்ல மிஸ். அவருக்குத்தான் காய்ச்சல்.”

அவள் கையைத் தொட்டிருந்தாலே காய்ச்சல் தெரிந்திருக்கும். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவளுடைய பதில் எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கணவர் வந்தார். “காய்ச்சல் கூடி அவவ ஆஸ்பத்திரி வாட்டில வெச்சிருக்காங்க மிஸ். உங்களிட்ட வந்துட்டுத்தானே போனா?”



பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது யாருக்கு மருந்து வாங்க வந்தாலும், வந்த பெண்ணின் நெற்றியில்தான் முதலில் கை வைக்கிறேன். அந்த மீனவர் வீட்டுப் பெண் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கடையைத் தாண்டி அடுத்த பாமசிக்குப் போகிறாள். ஒருநாள் படியேறி வருவாள் என்று கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். துவாயில் சுற்றிய அந்தப் பிள்ளையின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.