ஸ்டெல்லா திரையில் அசையாமல் நின்றபோது

டிவியில் படம் நின்றுவிட்டால் அதிலிருக்கும் ஆளின் மூச்சும் நின்றுவிடும் என்று ஒருநாள் முழுமனதாக நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

தொலைவில் இருக்கும் தன் அக்கா ஊருக்குப் போயிருந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்கு நெஞ்சுவலி. அந்த ஊரில் இதய மருத்துவர் கிடையாது. ஆனால் அங்குள்ள ஆஸ்பத்திரியைப் பெங்களூரின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு செயற்கைக்கோள் வழியாக இணைத்திருந்தார்கள். பெங்களூர் விவேக் நகரிலிருந்த வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரின் முன்னாலிருந்த டிவியில் ஸ்டெல்லா படுத்திருந்தாள்.

"டிவியில வைத்தியம் பாக்க சட்டம் இருக்கா டாக்டர்?" என்றேன். பயம் வந்தால் எனக்கு வக்கீல் புத்தியும் வந்துவிடும்.

"இதுக்குன்னு தனியா இன்னும் வரல சார். வர்ற வரைக்கும் உங்க வீட்டம்மாவால காத்திருக்க முடியாது."

அவர் அந்த ஊர் டாக்டரிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது படம் நின்றது. ஸ்டெல்லாவின் வாய் பாதி திறந்தபடியே இருந்தது.

கர்த்தரைக் கூப்பிட்டேன். பிறகு, வீட்டு டிவிக்கு வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அதன் தலையில் ஓங்கி இரண்டு அடி.

"சார், கைய எடுங்க. இது அடிச்சா சரியாகுற டிவி இல்ல" என்ற டாக்டர், ஃபோனை எடுத்து அந்த ஊர் டாக்டரிடம் மிச்சத்தைச் சொன்னார். நான் டிவியைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

படம் திரும்பியது. டிவி மேலிருந்த கேமரா, அழுதுகொண்டிருந்த என் முகத்தை ஸ்டெல்லாவுக்கு எதிரே இருந்த டிவியில் பெரிதாகக் காட்டியிருக்கிறது.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பயமா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா, ஈன சுரத்தில்.

என் அடிதான் அவளைக் காப்பாற்றியது என்று இன்றும் சொல்லித் திரிகிறேன். உண்மையில், படம் நின்றிருந்த நேரத்திலேயே அவளுக்கு ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.