அக்கா என்று கூப்பிடாதே

போன வாரம் ரங்கநாதன் தெருவில் ஒரு கடைப்பையன் என்னைப் பார்த்து, "அக்கா, உள்ள வாங்கக்கா, புது ஸ்டாக்!" என்று கூவினான். இருபது வயதுகூட இருக்காது. தலை முழுக்க நரைத்தவளுக்கு வியாபாரத்துக்காகவாவது ஒரு அக்கா கிடைத்ததே என்று உள்ளே போய், வேண்டாத நைட்டி ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

உள்ளே கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. அதில்தான் நான் வளர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அதே தி.நகரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. வீட்டுக்குள் கோவில்பட்டித் தமிழ், வாசலைத் தாண்டினால் மெட்ராஸ் தமிழ். பி.யூ.சி. முடித்து, மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு இடமும் வாங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அத்தை தன் மகனோடு வந்து இறங்கினாள். ஆவணியில் அத்தானுக்கும் எனக்கும் கல்யாணமாம்.

"படிச்சது போதும்ட்டி" என்றாள் அம்மா. அழுதேன், பட்டினி கிடந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அழுகை வேலைக்கு ஆகாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தேன். எனக்கு ஒரு காதலன் வேண்டும். நிஜமாக வேண்டாம், அத்தான் கண்ணில் பட்டால் போதும். அப்பாவுக்குத் தெரிந்தால் காலை ஒடித்து மறுநாளே தாலி கட்டவைப்பார். அத்தான் ரோஷக்காரர், வாயைத் திறக்காமல் ஊருக்குப் போய்விடுவார் என்பது என் கணக்கு.

ஆளுக்கு எங்கே போவது? பின்வீட்டுச் செல்வம் இருந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன். விஷயத்தைச் சொன்னதும் வெலவெலத்துப்போனான்.

"என்னால ஆவாதுக்கா."

"முதல்ல அந்த அக்காவை விடு. பேர் சொல்லிக் கூப்பிடு."

"பேரு வாய்ல வர மாட்டேங்குதுக்கா."

மாடிப்படியில் உட்காரவைத்து ஒரு வாரம் பாடம் எடுத்தேன். பிற்பாடு எத்தனையோ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியிருக்கிறேன், அத்தனை மக்கு மாணவனைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் காபி குடித்துவிட்டுப் பனகல் பார்க்கை ஒரு சுற்று வருவது அத்தானின் வழக்கம். பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். செல்வம் அண்ணனுடைய பெல்பாட்டத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான். அத்தானின் வெள்ளை வேட்டி திருப்பத்தில் தெரிந்ததுதான் தாமதம், துள்ளி எழுந்து கத்தினான்.

"அக்கா, மாமா வந்துக்கினு கீறாரு!"

அக்கா, மாமா. ஒரே மூச்சில் எங்களுக்குக் கல்யாணமே பண்ணிவைத்துவிட்டான்.

அத்தான் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "என்னட்டி நாடகம் இது?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. எழுந்து நின்றேன். "அத்தான், நான் படிக்கணும். நீங்க தாலியே கட்டினாலும் மறுநாள் காலேஜுக்குப் பஸ் ஏறுவேன்." குரல் நடுங்கவில்லை. அந்தக் குரலை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். "இத நேரா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா. பாவம், இந்தப் பயல ஏன் வேர்க்க வச்ச?"

வீட்டுக்குப் போய், மெட்ராஸ் பெண் தனக்குச் சரிப்படாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அத்தை நெடுநாள் எங்களோடு பேசவில்லை.

கல்லூரி முதல் நாள், பார்க் எதிரே பஸ் ஸ்டாப்பில் செல்வம் நின்றிருந்தான். "பஸ் வந்துடுச்சு" என்றான். முன்னாலும் பின்னாலும் அக்கா இல்லை. நான் படியில் கால் வைத்து ஏறியதும் என் பெயரைச் சொன்னான். ஒரு வாரம் முட்டிமோதியும் வராத பெயர், ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். இறங்கவில்லை.

அந்த வருஷமே செல்வம் வீட்டார் சிந்தாதிரிப்பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள். மாடிப்படி இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. அப்பா, அம்மா, அத்தை, அத்தான் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் மிச்சமில்லை. தெரு முழுக்க நான் அக்காதான்.