ரக்கியா வீட்டு ரொட்டி

பொது அடுப்புக்குப் போய்வர ஜவாதுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காலையிலேயே முகம் மழித்து, சட்டை மாற்றி, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தயாராகிவிடுவான். மெக்னெஸ் நகரத்தின் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு மாவு பிசைந்து தட்டி, பலகையில் வைத்து, துணி மூடி அடுப்புக்கு அனுப்புவார்கள். மற்ற வீடுகளில் அது சின்னப் பிள்ளைகளின் வேலை. இருபத்து நான்கு வயதில் அதைச் செய்ய ஜவாதுக்குக் கூச்சமில்லை. இரண்டு வருடம் வாசலையே தாண்டாதவனுக்கு அது உத்தியோகம்.

சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நோய் வந்தது. முதலில் காதில் குரல்கள். பிறகு, எதிர்வீட்டு ரக்கியாவின் மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனா தன் மனதில் ஓடுவதையெல்லாம் ஊருக்கு ஒலிபரப்புகிறது என்ற எண்ணம். ஒருநாள் மதியம் அவள் கதவை இடித்துத் தாழ்ப்பாளையே பெயர்த்துவிட்டான். சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு ஆஸ்பத்திரி, மாதம் ஒரு ஊசி, எந்நேரமும் தூக்கம். குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி சன்னமாகக் கேட்கும், அவன் காதுகொடுக்கமாட்டான். ஊசி போட வீட்டுக்கு வரும் நர்ஸ், தினம் வெளியே போய் ஒரு வேலையாவது செய்யச் சொன்னாள். ரொட்டிப் பலகையை அவனே கேட்டு வாங்கினான்.

அம்மா தாமூ நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தாள். தெருவில் இன்னொரு முறை ஏதாவது நடந்தால் அதோடு சரி, வெளியே போகவே கூடாது. கல்நெஞ்சக்காரி அல்ல, சந்து பேசிய பேச்சில் வெந்துபோனவள். அவன் திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள்.

மூன்று வாரம் குறையில்லாமல் போனது. ஒரு புதன்கிழமை அடுப்பில் நல்ல கூட்டம். அடுப்புக்காரர் அல்லால் வெந்த ரொட்டிகளைப் பலகைகளில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். நெரிசலில் காதுக்குள் ரேடியோ கொஞ்சம் உரக்கக் கேட்டது. நீலக்கோடு போட்ட துணி கண்ணில் பட்டதும் ஜவாத் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

வீட்டில் தாமூ துணியை விலக்கினாள். அவள் தன் ரொட்டியில் தேநீர்க் கிளாஸின் விளிம்பை அழுத்திப் பிறை வைப்பாள். இதில் முள்கரண்டியால் நாலு குத்து. யாருடைய குத்து என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் இத்தனை வீடு இருக்க, ரக்கியாவும் போயும் போயும் அதே நீலக்கோட்டுத் துணியையா வாங்கவேண்டும்? தாமூ அதைத் திருப்பிக் கொடுக்கத் தலைத்துணியைக் கட்டத் தொடங்கினாள்.

அவள் போனால் விஷயம் முடிந்துவிடும். நாளையிலிருந்து பலகையும் அவள் கைக்கே போய்விடும். ஜவாதுக்கு அது நன்றாகப் புரிந்தது.

"எடுத்துட்டு வந்தது நான். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன் உம்மா."

"அந்த வீட்டுக்கா?"

"அந்த வீட்டு ரொட்டிதானே."

பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கதவைத் தட்ட வழியில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், அந்தக் கதவைத் தொடவே அவனுக்குப் பயமாக இருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்றது காது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு ரக்கியாவுக்குக் குரல் கொடுத்தான்.

கதவைத் திறந்த ரக்கியா எதையோ மென்றுகொண்டிருந்தாள். கையில் பிறை வைத்த ரொட்டி, பாதி.

"மிச்சமிருந்தது இதுதான்னு அல்லால் குடுத்தார். பசி, சாப்பிட்டுட்டோம். உங்கம்மா மாவுல உப்பே போடமாட்டாளா?"

சந்தைக் கடக்கும்போது ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஜவாதுக்கு மறந்துபோயின. "அன்னிக்குக் கதவை…" என்று ஆரம்பித்து, "ரொம்பத் தப்பு காலா" என்று சித்தி முறை வைத்து முடித்தான்.

ரக்கியா மெல்லுவதை நிறுத்தினாள். அந்த மதியம் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு உள்ளே நடுங்கியவள் அவள். இப்போது அவன் கதவைத் தொடாமல் ஓரடி தள்ளியே நிற்பதைப் பார்த்தாள்.

"பயந்துதான் போனேன், பொய் சொல்லமாட்டேன்," என்றாள். "நீ என்னைவிடப் பயந்திருப்பே."

பலகையை வாங்கிக்கொண்டு, திரும்பி நடந்தவனை மறுபடி கூப்பிட்டாள். "நாளைக்கு அடுப்புக்குப் போறப்ப ஒரு குரல் குடு. எனக்கு முட்டிவலி. என் பலகையையும் எடுத்துட்டுப் போ. துணியை மாத்திடறேன்."

ஜவாத் வீட்டில் உப்பு விஷயத்தை மட்டும் சொன்னான். தாமூவுக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் மறுநாள் மாவில் ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகவே போட்டாள்.

அன்று ஜன்னலில் நின்றவள், மகன் எதிர்வீட்டு வாசலில் போய் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனாள். கதவு திறந்தது. சிவப்புத் துணி மூடிய பலகை ஒன்று வெளியே வந்தது. ஒரு கையில் அவளுடையது, மறு கையில் ரக்கியாவுடையது. இரண்டையும் தாங்கிக்கொண்டு ஜவாத் மெதுவாகச் சந்து முனையில் திரும்பினான்.

தாமூ அவன் வரும்வரை காத்து நிற்கவில்லை. உள்ளே போய்க் குழம்பை அடுப்பில் ஏற்றினாள். ரொட்டி வந்துவிடும்.